கோதுமை ஒத்துக்கொள்ளாத உடம்பு: அடிக்கடி வரும் வருத்தங்களுக்குப் பின்னால்

'குளூட்டன்' என்ற சொல் இப்போது நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கொழும்பில் பெரிய சுப்பர் மார்க்கெட் ஒன்றுக்குள் போனால், 'குளூட்டன் அற்றது' என்று எழுதிய பிஸ்கட் பெட்டி பக்கத்திலிருக்கும் மாரி பிஸ்கட்டைவிடப் பல மடங்கு விலையில் இருக்கும். லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள், "நாங்கள் இப்ப கோதுமையை விட்டிட்டம், உடம்பு லேசாக்கிடக்கு" என்கிறார்கள். யூடியூப்பில் ஒருவர் மூட்டுவலியிலிருந்து முடி உதிர்வு வரை எல்லாவற்றுக்கும் பாணையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்கிறார்.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மாதத்துக்கொரு தடவை வயிற்றோட்டம், ஆறாத வாய்ப்புண், எவ்வளவு குளிசை போட்டாலும் ஏறாத ஹீமோகுளோபின், மழை பெய்தால் தடிமன், தடிமன் வந்தால் மூன்று கிழமைக்கு இருமல். இவர்களிடம் குளூட்டன் என்ற சொல்லை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லப்படுவது வேறு: "ஒழுங்காச் சாப்பிடுறேல்லை", "யோசனை கூடிப்போச்சு", "கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்."

நான் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள். இருபத்தாறு வயதிலிருந்து ஐந்து வருடங்கள் இரும்புச்சத்துக் குளிசையோடுதான் திரிந்தேன். பூச்சி மருந்து தந்தார்கள், காஸ்ட்ரிக்குக்குத் தந்தார்கள், ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் மன அழுத்தத்துக்கும் தந்தார்கள். சுயாதீன ஊடகவியலாளரின் சாப்பாட்டு முறை எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: காலையில் பாணும் சம்பலும், செய்தியாளர் மாநாட்டில் கிடைக்கும் றோல்ஸ், இரவில் கொத்து. எனவே குறை என் பழக்கத்தில்தான் என்று எல்லோரும் நம்புவதற்கு வசதியாக இருந்தது.

கடைசியில் அரச வைத்தியசாலை ஒன்றிலிருந்த வைத்தியர் ஒருவர் ஐந்து வருட இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். இரும்புச்சத்து ஏறுகிறது, இறங்குகிறது, ஒருபோதும் நிலைக்கவில்லை. "பிள்ளை, வீட்டிலை ஆருக்கும் தைரொய்ட் பிரச்சினை, சின்ன வயதிலேயே நீரிழிவு, அப்பிடி ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். அம்மாவுக்கு தைரொய்ட் இருக்கிறது. அவர் ஒரு பரிசோதனையின் பெயரை எழுதித் தந்தார். அதன் விடைதான் சீலியாக் நோய்.

இதை எழுதுவதற்குக் காரணம் என் கதையல்ல. இந்த நோயை அறிந்துகொள்ளாமல் இருப்பவர்களும், இல்லாத நோயை இருப்பதாக நம்பிப் பணத்தைச் செலவழிப்பவர்களும் ஒரே சொல்லைப் பாவித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாவில் இருப்பது என்ன?

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது இழுபடும். பரோட்டா போடுபவர் மாவை வீசி விரிக்கும்போது அது கிழியாமல் துணிபோலப் பரவுவதற்குக் காரணம் குளூட்டன். கிளையடின், குளூட்டனின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து உருவாக்கும் வலை அது. பாண் பொங்குவதும் இந்த வலைக்குள் வாயு சிக்குவதால்தான். அரிசி மாவைக் குழைத்து வீசிப் பாருங்கள், உதிரும். அரிசியில் இந்தப் புரதம் இல்லை. பார்லியிலும் றை என்ற தானியத்திலும் இதன் உறவுக்காரப் புரதங்கள் இருக்கின்றன.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. குளூட்டன் நஞ்சல்ல. உலகத்தின் பாதி அதைத் தின்றுதான் வாழ்கிறது.

ஆனால் சிலருடைய உடம்பில் கதை வேறு. குளூட்டன் முழுமையாகச் சமிபாடடையாத ஒரு புரதம். அதன் துண்டுகள் சிறுகுடலின் சுவருக்குள் போகும்போது, அங்கிருக்கும் ஒரு நொதியம் அவற்றைச் சற்று மாற்றியமைக்கிறது. குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களின் நிர்ப்பீடனக் கலங்கள் அந்த மாறிய துண்டை எதிரி என்று அடையாளம் காண்கின்றன. பிறகு துண்டோடு மட்டும் சண்டை நிற்பதில்லை. அந்த நொதியத்துக்கு எதிராகவும் பிறபொருளெதிரிகள் உருவாகின்றன, குடற்சுவரே தாக்கப்படுகிறது. உடம்பு தன்னையே தாக்கும் நோய்களின் வரிசையில் சீலியாக்கும் ஒன்று. தைரொய்ட் அழற்சியும் முதலாம் வகை நீரிழிவும் இதன் கூட்டாளிகள். வைத்தியர் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டது அதனால்தான்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்குச் சிறுகுடலின் சடைமுளைகள் நினைவிருக்கும். வெல்வெட் துணியின் மயிர்போல உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய விரல்கள். உணவிலுள்ள சத்தை உறிஞ்சுவதற்கான பரப்பைப் பல மடங்கு பெருக்குபவை அவைதான். சீலியாக்கில் அந்த விரல்கள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. வெல்வெட் சீத்தைத் துணியாகிவிடுகிறது. அதன்பிறகு முருங்கையிலை சாப்பிட்டாலும் ஈரல் சாப்பிட்டாலும், உள்ளே போவது ஒன்று, உடம்பில் சேர்வது வேறொன்று. இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம், விற்றமின் டி எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. வளர்ந்தவர்களில் பலருக்கு வயிற்றோட்டமே இருக்காது. காரணம் தெரியாத குருதிச்சோகை மட்டும் இருக்கும். சிலருக்கு எலும்பு தேய்கிறது. சிலருக்குத் திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஏற்படுகிறது. பிள்ளைகள் உயரமாக வளர்வதில்லை. முழங்கையிலும் முழங்காலிலும் கடிக்கும் கொப்புளங்கள் வருவதுகூட இந்த நோயின் ஒரு முகம்.

ஒரு பஞ்சம் காட்டிய உண்மை

இந்த நோய் புதிதல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கப்படோசியாவைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் அரிட்டேயஸ் இதைப்போன்ற ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். 1888இல் லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் அதை விரிவாக விபரித்தார், உணவில்தான் தீர்வு இருக்கிறது என்றும் ஊகித்தார். எந்த உணவு என்பதுதான் தெரியவில்லை. 1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவைக் கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருக்கிறது என்று பல வருடங்கள் நம்பப்பட்டது. உண்மையில் அந்தக் குழந்தைகளுக்கு நன்மை செய்தது அவர்கள் சாப்பிட்ட பழமல்ல, சாப்பிடாமல் விட்ட பாண்.

அதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. முப்பதுகளிலேயே அவருக்குக் கோதுமைமீது சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனிய ஆக்கிரமிப்பின்கீழ் மேற்கு நெதர்லாந்து பட்டினியில் வீழ்ந்தது. பாண் கிடைக்கவில்லை. மக்கள் துலிப் பூவின் கிழங்கைக்கூடத் தின்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் மெலிந்துகொண்டிருந்தபோது சீலியாக் பிள்ளைகள் தேறியதும், பாண் திரும்பி வந்தபோது அவர்கள் மீண்டும் நோயில் விழுந்ததும் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தின. 1950இல் அவர் தன் ஆய்வேட்டை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த நோய்க்கு இருக்கும் ஒரே சிகிச்சை அதுதான்: குளூட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பது.

சரி, அடிக்கடி தடிமன் வருவதற்கும் இதற்கும் என்ன?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

முதலாவது: தொடர்பு இருக்கிறது. குடல் சத்துகளை உறிஞ்சாவிட்டால் நிர்ப்பீடனம் பலவீனமாகும் என்பது ஒன்று. சீலியாக் உள்ளவர்களில் சிலருக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்வதில்லை என்பது இன்னொன்று. இரத்தத்திலுள்ள சில பக்டீரியாக்களை வடிகட்டிக் கொல்வது மண்ணீரலின் வேலை. அதனால்தான் பல நாடுகளில் சீலியாக் நோயாளருக்கு நியூமோனியாத் தடுப்பூசியைப் பற்றிச் சொல்கிறார்கள். மூன்றாவது, மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் ஈரச்சுவர்களைக் காக்கும் ஐஜிஏ என்ற பிறபொருளெதிரி பிறப்பிலிருந்தே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நெஞ்சுச் சளியும் வயிற்றுத் தொற்றும் அடிக்கடி வரலாம். சீலியாக் வருவதற்கான வாய்ப்பும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இரண்டாவது: அடிக்கடி வருத்தம் வரும் நூறு பேரைப் பிடித்தால் அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் காரணம் குளூட்டன் அல்ல. நல்ல ஆரோக்கியமுள்ள வளர்ந்தவருக்கே வருடத்துக்கு இரண்டு மூன்று தடிமன் வரும். முன்பள்ளிப் பிள்ளைக்கு ஏழெட்டுத் தடவை வந்தாலும் அது வழமைதான். ஆஸ்துமா, நீரிழிவு, தைரொய்ட், தலசீமியாக் கடத்தல், காசநோய், நித்திரையின்மை என்று நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. வயிற்றுக்கும் அப்படித்தான். கிணற்றுத் தண்ணீரில் வரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிகூடச் சடைமுளைகளைத் தேய்க்கும். யூடியூப் வைத்தியர்கள் இந்த இரண்டாவது பதிலைச் சொல்வதேயில்லை. அதைச் சொன்னால் காணொளி ஓடாது.

ஒரே முறைப்பாடு, வேறு வேறு நோய்

கோதுமை சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொன்னால் அது குறைந்தது மூன்று வேறு விடயங்களாக இருக்கலாம்.

ஒன்று சீலியாக். இரண்டாவது கோதுமை ஒவ்வாமை: சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணித்தியாலத்திலோ தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல். இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு வருவதைப் போன்றது, உயிராபத்தானதாகவும் முடியலாம். மூன்றாவதுதான் சிக்கலானது. பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை, ஆனால் பாண் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது, களைப்பாக இருக்கிறது. இதைக் குளூட்டன் உணர்திறன் என்கிறார்கள்.

இந்த மூன்றாவது கூட்டத்தினரைப் பற்றி நோர்வேயின் ஒஸ்லோவில் ஒரு நல்ல பரிசோதனை செய்தார்கள், 2018இல் வெளிவந்தது. சீலியாக் இல்லாத, ஆனால் தாங்களாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு ஒரே மாதிரியான தின்பண்டம் கொடுக்கப்பட்டது. ஒரு கிழமை அதற்குள் குளூட்டன் இருந்தது, ஒரு கிழமை பிரக்டன் என்ற மாப்பொருள் இருந்தது, ஒரு கிழமை இரண்டும் இல்லை. எது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. அதிக உபாதை தந்தது பிரக்டன். குளூட்டன் தந்த உபாதை, ஒன்றும் கலக்காத பண்டத்தைவிட அதிகமாக இருக்கவில்லை.

பிரக்டன் கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் உள்ளியிலும்கூடத் தாராளமாக இருக்கிறது. அதாவது, பாணை விட்டுவிட்டு இடியப்பத்தோடு வெங்காயச் சம்பலைக் குவித்துச் சாப்பிடுபவருக்கு வயிறு ஊதுவது நிற்காமல் போகலாம். அவர்களுடைய வலி பொய்யல்ல, அவர்கள் குற்றஞ்சாட்டும் பொருள்தான் பிழையாக இருக்கக்கூடும். குடல் கெடவில்லை என்றால் வாழ்நாள் முழுவதும் ஒரு துகள்கூடப் படாமல் வாழவேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த வித்தியாசம் சிறியதல்ல. என்னைக் கேட்டால் தெரியும்.

பரிசோதனைக்கு முதல் பாணை நிறுத்தாதீர்கள்

கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் வாசிக்க நேரமிருப்பவர்கள் இதை வாசியுங்கள். சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகக் கூடாது. இரத்தத்தில் தேடப்படுவது அந்தப் பிறபொருளெதிரியை. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் அது மெதுவாகக் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். நோய் இருந்தும் பரிசோதனை இல்லை என்று சொல்லிவிடும். ஏற்கெனவே நிறுத்தியவர்கள் பரிசோதனைக்கு முன்னர் குறைந்தது ஆறு கிழமை, தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை கோதுமை உணவு சாப்பிட வேண்டும் என்பது பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி. விட்டுவிட்டதால் சுகமானவருக்கு மறுபடியும் ஆறு கிழமை பாண் சாப்பிடுவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனை திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐஜிஏ. சுருக்கமாக டிடிஜி ஐஜிஏ என்று எழுதுவார்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும். ஐஜிஏ பிறப்பிலேயே இல்லாதவருக்கு முதலாவது பரிசோதனை எப்படியும் குறைவாகவே காட்டும். இரத்தத்தில் கூடுதலாக இருந்தால் வளர்ந்தவர்களுக்கு அடுத்தது என்டோஸ்கோப்பி. வாய்வழியாகக் குழாயை இறக்கிச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சில சிறு துணுக்குகளை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். எனக்குப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தது. தொண்டை இரண்டு நாள் நொந்தது. மற்றபடி பயப்பட எதுவுமில்லை.

மரபணுப் பரிசோதனையை விற்பவர்களும் இருக்கிறார்கள். நோய்க்குத் தேவையான மரபணு வகைகள் மக்களில் மூன்றிலொரு பங்கினரிடமோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்கின்றன. அவர்களில் நூறில் மூன்று பேரளவில்தான் நோய் வருகிறது. அந்த மரபணு இல்லையென்றால் நோய் இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். இருக்கிறது என்பதால் ஒன்றும் சொல்ல முடியாது.

சோறு தின்னும் நாட்டுக்கு இந்தக் கவலை எதற்கு?

எனக்கு நோய் உறுதியானபோது ஒரு மூத்த பத்திரிகையாளர் கேட்ட கேள்வி இது. "உது வெள்ளைக்காரற்றை வருத்தம் எல்லோ?" நியாயமான கேள்விதான். அதற்கு இந்தியாவில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. நாட்டின் மூன்று பிராந்தியங்களில் 23,000க்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களைப் பரிசோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. சீலியாக்குக்குரிய பிறபொருளெதிரி வட இந்தியாவில் 1.23 சதவீதத்தினரிடம் இருந்தது, தென்னிந்தியாவில் 0.10 சதவீதத்தினரிடம். மரபணு வகைகளோ இரு இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு. வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார், தெற்கில் 25 கிராம்.

அப்படியானால் நம்மைக் காத்து வந்தது நம் இரத்தமல்ல, சோறு. அந்தச் சோற்றின் இடத்தில் மா எவ்வளவு வந்துவிட்டது என்று பார்த்தால் கேள்வியின் தொனி மாறிவிடும்.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வயதானவர்கள் இன்னும் 'அமெரிக்கன் மா' என்கிறார்கள். 1954ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய 480ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தின்கீழ் உலகமெங்கும் அனுப்பப்பட்ட உபரிக் கோதுமையின் காலம் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1980இல் திருகோணமலை சீனக்குடாவில் பிரிமா ஆலை அரைக்கத் தொடங்கிய பிறகு கோதுமை கப்பலில் வந்து மாவாக நாடெங்கும் போனது. 2009இல் மெனிக் பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்ட மக்களுக்கு உலக உணவுத் திட்டம் கொடுத்த நிவாரணத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், சீனியோடு கோதுமை மாவும் இருந்தது. அந்த வரிசையில் நின்றவர்களில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால், அவர்களுடைய வயிற்றோட்டம் மற்ற ஆயிரக்கணக்கானோரின் வயிற்றோட்டத்தோடு ஒன்றாகத்தான் எண்ணப்பட்டிருக்கும்.

மலையகத்தில் இது இன்னும் கூர்மையானது. தோட்டத்துக் காலைச் சாப்பாடும் மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடும் பெரும்பாலும் ரொட்டி. 2022 ஜனவரியில் அரசாங்கம் நிவாரணப் பொதி ஒன்றை அறிவித்தபோது தோட்டக் குடும்பங்களுக்கு ஒதுக்கியது என்ன தெரியுமா? மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபா வீதம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் சீலியாக் உள்ள ஒன்பது வயதுப் பையனின் தாயைச் சந்தித்தேன். நோய் தெரிந்து ஒரு வருடம். பையன் வளரத் தொடங்கியிருக்கிறான். "அவனுக்கு மட்டும் சோறு, எங்களுக்கு ரொட்டி. அரிசி வெலைக்கு வேற வழியில்ல. பக்கத்து காம்பிராவுல கேக்குறாங்க, இவன் என்ன தொரை வீட்டுப் பிள்ளையான்னு," என்றார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பணிஸ் பகிர்ந்து சாப்பிடும்போது அவன் வெளியே போய் நிற்பானாம். இத்தாலியில் சீலியாக் நோயாளருக்கு விசேட உணவு வாங்க அரசாங்கம் மாதாந்தம் பணம் கொடுக்கிறது. இங்கே அதெல்லாம் வேண்டாம். நிவாரணப் பொதியில் மாவுக்குப் பதில் அரிசி கேட்கலாம் என்ற ஒரு வரி இருந்தால் போதும்.

என்ன சாப்பிடுவது?

சர்வதேச உணவுத் தர நியமத்தின்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவையே 'குளூட்டன் அற்றது' என்று விற்கலாம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படுகிறது. ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது என்று வைத்தால், 50 மில்லிகிராம் என்பது அந்தத் துண்டின் நாற்பதிலொரு பங்கு. மேசையில் உதிர்ந்த தூள்.

நல்ல செய்தி, நம் பழைய சமையலறையில் பாதிக்கு மேல் பாதுகாப்பானது. சோறு, அரிசிமாப் பிட்டு, அப்பம், குரக்கன், உழுந்து, பயறு, மரவள்ளி, ஒடியல் மா. ஒடியல் மாவில் குளூட்டன் இல்லை. சுப்பர் மார்க்கெட்டின் விலையுயர்ந்த பெட்டிகள் இல்லாமலே நான் வாழ்கிறேன்.

கெட்ட செய்தி, அந்தச் சமையலறைக்குள்ளும் மா நுழைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் தோசையில் உழுந்தோடு கோதுமை மா சேர்க்கிறோம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்த கோதுமை மாவைக் கலக்கிறோம். அவித்தாலும் புளிக்க வைத்தாலும் குளூட்டன் போகாது. ஆட்டா மாவும் தவிட்டுப் பாணும் கோதுமைதான். குரக்கன் பாண் என்று விற்பதிலும் பெரும்பங்கு கோதுமை. கட்டிப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும்; சாம்பாரும் ரசமும் அப்படித்தான் எனக்குக் கைவிட்டுப் போயின. சோயா சோஸ், ரவைக் கேசரி, சேமியாப் பாயசம், சோயா மீற் பைக்கற்றுகளில் பல. பிள்ளை மெலிந்துவிட்டான் என்று கரைத்துக் கொடுக்கும் மோல்ட் பானங்களில் இருப்பது பார்லி. மில்லில் நம் அரிசியை அரைக்கும் அதே இயந்திரத்தில் முன்னால் வந்தவர் சத்துமாவுக்குக் கோதுமை அரைத்திருப்பார். கடையில் இடியப்பக் கொத்துக் கேட்டாலும் அது போடப்படுவது பரோட்டா கொத்திய அதே கல்லில்.

பைக்கற்றில் எழுதியிருப்பதை வாசிக்கலாம் என்பார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். கோதுமை அடங்கியுள்ளது என்ற வரியைத் தமிழில் தெளிவாகப் போட்ட பைக்கற்றைத் தேடிக் களைத்துப்போனேன்.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு தனிக் கேள்வி இருக்கிறது. மன்னாரிலிருந்து ஒரு வாசகி என்னிடம் கேட்டார். நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். குளூட்டன் முற்றாக நீக்கிய அப்பம் செல்லாது, மிகக் குறைந்த அளவு உள்ளது செல்லும் என்று 2017இல் வத்திக்கான் மீண்டும் தெளிவுபடுத்தியது. அதுவும் முடியாதவர்கள் இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

விட்ட பிறகு என்ன நடக்கும்? எனக்கு இரண்டு மூன்று கிழமையில் வயிறு அமைதியானது. ஆனால் குடல் முழுமையாக ஆறுவதற்கு வளர்ந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ எடுக்கலாம். பாலில் உள்ள லக்டோஸைச் சமிக்கச் செய்யும் நொதியமும் அந்தச் சடைமுளைகளின் நுனியில்தான் இருக்கிறது. அதனால் முதல் சில மாதங்கள் பால் தேநீரும் ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு அது சரியாகியது. எட்டாவது மாதத்தில் முதன்முறையாக இரும்புச்சத்து அறிக்கை, குளிசை இல்லாமல், வழமையான அளவுக்குள் வந்தது. தடிமன் இப்போதும் வருகிறது. எல்லோருக்கும் வருவதுபோல வந்து, ஒரு கிழமையில் போய்விடுகிறது.

இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் ஆகிய நெருங்கிய இரத்த உறவுகளில் நூறில் ஏழெட்டுப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம், ஒரு அறிகுறியும் இல்லாமலே. அம்மாவுக்குப் பரிசோதித்தோம், இல்லை. அக்கா நல்ல ஆரோக்கியமாக இருப்பவள். அவளுக்கு விடை கூடுதலாக வந்திருக்கிறது, வருகிற மாதம் என்டோஸ்கோப்பி. அதுவரைக்கும் அவள் தினமும் பாண் சாப்பிட வேண்டும். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பேக்கரியில் இறங்கி ஒரு றாத்தல் வாங்கி, இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, கையை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு போகிறேன்.